அவுட்போஸ்ட் என்றால் தபால் இல்லை

'அவுட்போஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தபால் என்று எண்ணிக்கொண்டு மொழிபெயர்ப்புக்கு என்னிடம் வந்தவர்களில், இந்த வருடத்தில் இது மூன்றாவது ஆள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள சாட்ஸ்வர்த்தில் இருந்து ஒரு பேரன், தாத்தாவின் நினைவுக் கல்லில் பொறிக்கத் தமிழில் நாலு வரி கேட்டு வந்தார். கையில் தாத்தாவின் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ராணுவச் சேவைத்தாள். தாத்தா தென்னாப்பிரிக்க ராணுவத்தின் இந்திய மலாய்ப் படையில் லாரி ஓட்டியவர். பேரனுக்குத் தமிழ் வாசிக்க வராது. போனில் தட்டி மொழிபெயர்த்து ஒரு வரி எடுத்து வந்திருந்தார்: "வெளியூர்த் தபால் பணி செய்தவர்."

தாளில் இருந்த சொல் அவுட்போஸ்ட். தாத்தா கடுதாசி சுமக்கவில்லை, தம்பி. முன்னால் காவல் இருந்தவர்களுக்கு ரேஷன் ஏற்றிப் போனவர்.

போஸ்ட் என்று கண்டாலே தபால்தானா? லைட் போஸ்ட் லத்தீன் போஸ்டிஸில் இருந்து வந்தது, அதாவது கதவின் நிலைக்கால். அது தனி வம்சம். கடிதப் போஸ்டும் காவல் போஸ்டும் பங்காளிகள். 'வைத்தல்' என்ற பொருளுள்ள லத்தீன் வினையில் பிறந்தவை. வழிநெடுக இடம்விட்டு ஆளையும் குதிரையையும் வைத்ததால் அது தபால். சிப்பாயை ஓரிடத்தில் நிறுத்தி வைத்ததால் இது காவல். "நல்ல போஸ்ட் கிடைச்சிருக்கு" என்கிறோமே, அதுவும் இந்த வீட்டுப் பிள்ளைதான். பங்காளிகள், சரி, ஆனால் அடுப்பு வேறு. அவுட் சேர்ந்தால் பெரும்படையை விட்டுத் தள்ளி நிற்கும் சிறு காவல். 1757-லேயே ஜார்ஜ் வாஷிங்டன் கடிதங்களில் இந்தப் பொருளில் வருகிறது. எல்லையோர வியாபாரக் குடியிருப்பு என்ற பொருள் அப்புறம் ஒட்டிக்கொண்டது.

இங்கே பேசும் ஆஃப்ரிகான்ஸ் மொழியிலும் 'போஸ்' இதே இரட்டை வேடம்தான். நமீபியாவின் போட்ஸ்வானா எல்லையில் பெய்ட்டபோஸ் என்றே ஓர் ஊர் இருக்கிறது; 'பெய்ட்ட' என்றால் வெளி. அங்கே பாஸ்போர்ட்டைத்தான் கேட்பார்கள், ஸ்டாம்பை அல்ல.

அதற்காக எல்லா இடத்திலும் 'புறக்காவல்' என்று போட்டுவிடாதீர்கள். கேப் டவுனுக்குத் தென்கிழக்கே சுமார் 2,000 கிலோமீட்டரில் இருக்கும் மரியன் தீவும் பேப்பரில் அவுட்போஸ்ட்தான். அங்கே தங்குபவர்கள் வானிலையையும் பறவைகளையும் கவனிப்பவர்கள். புறக்காவல் என்றால் அவர்கள் கையில் துப்பாக்கி முளைத்துவிடும். தொலைதூர ஆய்வு நிலையம் என்றால் போதும்.

தயவுசெய்து முழுப் பக்கத்தையும் படமெடுத்து அனுப்புங்கள். பக்கத்துச் சொல் தெரியாமல் இந்தச் சொல்லுக்கு அர்த்தம் சொல்ல எனக்கே வராது. கல்லில் உளி வைக்கும் முன் அனுப்புங்கள். ஒற்றைச் சொல்லை வாட்ஸப்பில் தட்டிவிட்டு "அக்கா, சீக்கிரம்" என்றால் பதில் வராது.