மின்சாரக் காரில் டோபார் மாட்டும் முன்

மின்சாரக் காருக்கு டோபார் (டிரெய்லரை மாட்டி இழுக்கக் காரின் பின்னால் பொருத்தும் இரும்புச் சட்டம்) வாங்க வருபவர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது, பின்னால் போல்ட் துளை இருக்கிறதா என்று. துளை இருக்கலாம். அதே அடித்தட்டில் வரும் பெட்ரோல் மாடலுக்காகப் போட்ட துளை, மின்சார மாடலிலும் அப்படியே வந்துவிடுவதுண்டு. அது இழுவை அனுமதி ஆகாது.

அனுமதியைச் சொல்வது காரின் எடைத் தகடு. ஐரோப்பிய விதிப்படி விற்கும் கார்களில் அதில் தாண்டக் கூடாத எடைகளாக நான்கு எண்கள்: காரின் மொத்த எடை, காரும் டிரெய்லரும் சேர்ந்த எடை, முன் அச்சு, பின் அச்சு. இரண்டாவது இடம் காலியாகவோ முதல் எண்ணுக்குச் சமமாகவோ இருந்தால் டிரெய்லர் பேச்சே வேண்டாம். காரோடு தயாரிப்பாளர் தரும் இணக்கச் சான்றிதழிலும் பார்க்கலாம்: 18ஆவது பதிவு இழுவை எடை, 19ஆவது டோபார் நுனியில் டிரெய்லர் மாட்டும் பந்தின் மேல் இறங்கலாம் என்கிற எடை.

இவ்வளவு விசை உள்ள மோட்டார் இருந்தும் சில மின்சாரக் கார்களுக்கு ஏன் அனுமதி இல்லை? ஐரோப்பியச் சோதனையில், முழுச் சுமையோடு 12 சதவீத ஏற்றத்தில் ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து முறை நின்று கிளம்ப வேண்டும். மெதுவான வேகத்தில் முழு விசை கேட்டால் மோட்டாரிலும், பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டரிலும் மின்னோட்டம் ஏறும், சூடும் ஏறும். கியர் மாற்றித் தப்பிக்க வழியில்லை. போதாததற்கு, அச்சு தாங்கும் எடையில் கணிசமான பங்கைப் பேட்டரியே எடுத்துக்கொள்கிறது.

அனுமதி இருந்தாலும் பெட்ரோல் மாடலின் டோபாரைப் போட்டுவிட முடியாது. டோபார் தகட்டில் 'டி' என்று ஒரு மதிப்பு இருக்கும், கிலோநியூட்டனில். காரின் மொத்த எடையையும் டிரெய்லரின் மொத்த எடையையும் டன்னில் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து, 9.81ஆல் பெருக்கினால் தேவையான 'டி' வரும். 1.9 டன் பெட்ரோல் காரும் 1.5 டன் டிரெய்லரும் என்றால் 8.2. கார் 2.5 டன் மின்சார மாடல் என்றால், அதே டிரெய்லருக்கு 9.2. 8.5 என்று எழுதிய டோபார் முதல் காருக்குச் சரி, இரண்டாவதற்குப் போதாது.

இஷ்டத்துக்குப் புதிதாகத் துளை போடக் கூடாது. ஆரஞ்சு நிற உயர் அழுத்தக் கேபிள்கள் எந்தப் பக்கம் போகின்றன என்று வரைபடம் பார்க்காமல் டிரில்லை எடுப்பது உயிரோடு விளையாடுவது. 12 வோல்ட் பேட்டரியைக் கழற்றிவிட்டால் மட்டும் அந்தக் கேபிள்கள் பாதுகாப்பாகிவிட்டன என்று எண்ணக் கூடாது. பின்பகுதி அலுமினிய வார்ப்பாக இருந்தால், வெறும் எஃகு அதன் மேல் படும் இடத்தில் ஈரம் சேர்ந்து அரிப்பு தொடங்கும். காரைத் தூக்கும்போது ஜாக்கி, குறித்த இடத்தில் மட்டுமே. பேட்டரிப் பெட்டியின் அடியில் வைத்தால் பெட்டி நசுங்கும்.

அதிகம் கெடுவது வயரிங்கில்தான். பின்விளக்கு வயரை இடையில் கடித்து சாக்கெட்டுக்கு இழுப்பது பழைய வழக்கம். இப்போது கட்டுப்பாட்டுப் பெட்டி ஒவ்வொரு விளக்கும் எடுக்கும் மின்னோட்டத்தைக் கண்காணிக்கிறது. கணக்கு மாறினால் பிழை காட்டும், சில நேரம் விளக்கையே அணைக்கும். இன்னொரு வம்பு: பொருந்தாத மாட்யூல் (டிரெய்லர் சாக்கெட்டைக் காரின் வயரிங்கோடு இணைக்கும் மின்னணுப் பெட்டி) காரைத் தூங்க விடாது. இரவெல்லாம் விழித்திருந்தால் 12 வோல்ட் பேட்டரி வடியும். அது வடிந்துவிட்டால், பெரிய பேட்டரியில் 80 சதவீதம் இருந்தாலும் அதைக் காரோடு இணைக்கும் சுவிட்சுகளான கான்டாக்டர்கள் மூடாது, கார் கிளம்பாது.

டிரெய்லர் விளக்குகளுக்குப் பேட்டரியிலிருந்து நேரே மின்சாரம் தரும் பைபாஸ் ரிலே போட்டால் விளக்குத் தொல்லை தீரும். ஆனால் பின்னால் டிரெய்லர் இருப்பது காருக்குத் தெரியவே தெரியாது. ரிவர்ஸ் எடுத்தால் பின் சென்சார் டிரெய்லரைத் தடையாகக் கண்டு பிரேக் போடும். டிரெய்லர் ஆட்டத்தை அடக்கும் ஏற்பாடு காரில் இருந்தாலும் அது விழிக்காது. மோசமானது ரீஜென் பிரேக்கிங், அதாவது மோட்டாரே காரின் வேகத்தைக் குறைத்துப் பேட்டரிக்கு மின்சாரம் திருப்பித் தருவது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கார் வேகம் குறையும், டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும். அந்தத் தள்ளலில் இயங்கும் டிரெய்லர் பிரேக், நீண்ட இறக்கத்தில் விடாமல் பிடித்து டிரம்மைச் சூடாக்கும். ரீஜென் பின் அச்சில் மட்டும் வேலை செய்யும் காரில், ஈரச் சாலையில் பின்சக்கரம் வழுக்கி வண்டி மடங்கவும் கூடும். ஆகவே அந்தந்த மாடலுக்கான வயரிங் கிட்டைப் போட்டு, டிரெய்லர் இருப்பதை மென்பொருளிலும் பதிய வேண்டும். பதிந்தபின் சாக்கெட்டில் டிரெய்லரைச் செருகி, திரையில் டிரெய்லர் குறி வருகிறதா, பின் சென்சார் அடங்குகிறதா என்று பார்த்த பிறகே காரை வெளியே விட வேண்டும்.

போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கி, முதல் 1000 கி.மீ. ஓடியதும் மறுபடி சரிபார்க்கவும். 50 மி.மீ. பந்து தேய்ந்து 49 மி.மீ. ஆனால் மாற்றிவிடவும்.

பந்தின் மேல் மாட்டிச் சைக்கிள் ஏற்றும் ஸ்டாண்டுக்கு மட்டும் அனுமதி உள்ள கார்களும் உண்டு. பந்தில் 75 கிலோ தாங்கும் என்றால், 18 கிலோ ஸ்டாண்டும் தலா 25 கிலோ மின்சைக்கிள் இரண்டும் சேர்ந்து 68, மூன்றாவதுக்கு இடமில்லை. இத்தகைய காரில் பந்தின் அருகே "டிரெய்லர் இழுக்கக் கூடாது" என்ற ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும். காரை விற்கும்போது அதை உரித்துவிடாதீர்கள். வாங்குபவர் கண்ணுக்குப் பந்து மட்டும்தான் தெரியும்.