பழைய பத்திரத்தில் பெயர் இருந்தால் மட்டும் உறவாகிவிடாது

இங்கிலாந்தின் இடைக்கால நிலப் பத்திரங்களைப் படித்துச் சொல்வது என் தொழில். என்னிடம் வருகிறவர்களில் பலர் ஒரு கொடிவழியைக் கையோடு கொண்டுவருவார்கள். இணையத்தில் யாரோ போட்டதை இன்னொருவர் எடுத்து, அவரிடமிருந்து இவர் எடுத்ததாக இருக்கும். 1086-ஆம் ஆண்டு டூம்ஸ்டே ஏட்டில் (இங்கிலாந்து அரசர் எடுத்த நிலக் கணக்கேடு) பதிவான ஒரு நார்மன் வீரரில் தொடங்கி, தகப்பன், மகன், பேரன் என்று இடைவெளியே இல்லாமல் இறங்கிவரும். நடுவிலுள்ள தலைமுறைகளுக்கு என்ன ஆதாரம் என்று கேட்டால், "ஊரும் அதே ஊர், பெயரும் அதே பெயர்" என்பார்கள். இந்த இரண்டை மட்டும் நம்பி ஒரு குடும்பத்தின் வரலாற்றை எழுதிவிடாதீர்கள்.

பெயர் எப்படி ஏமாற்றும் என்பதற்கு குளோஸ்டர்ஷயரின் பார்க்லி கோட்டையைச் சொல்வேன். 12-ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்த எஸ்டேட் ரோஜர் டி பார்க்லி என்பவரிடம் இருந்தது. ஸ்டீபன் மன்னருக்கும் பேரரசி மட்டில்டாவுக்கும் நடந்த உள்நாட்டுப் போரின் முடிவில் அது அவர் கையைவிட்டுப் போனது. மட்டில்டாவின் மகன் ஹென்றி, தன் பக்கம் நின்ற பிரிஸ்டல் செல்வந்தர் ராபர்ட் ஃபிட்ஸ்ஹார்டிங்குக்கு அதைக் கொடுத்துவிட்டார். பகை தீர ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. ராபர்ட்டின் மகன் மாரிஸ் ரோஜரின் மகள் ஆலிஸைக் கட்டிக்கொள்ள வேண்டும். ரோஜரின் மகன் ராபர்ட்டின் மகளைக் கட்டிக்கொள்ள வேண்டும். பெண் கொடுத்துப் பெண் எடுத்து முடித்த சமாதானம். மாரிஸின் வழியினர் பார்க்லி என்ற பெயரை எடுத்துக்கொண்டார்கள். பக்கத்து ஊரான டர்ஸ்லிக்கு ஒதுங்கிய ரோஜரின் வழியினரும் அதே பெயரை விடவில்லை. ஆகவே 1200-ஐ ஒட்டிய ஒரு பத்திரத்தில் 'டி பார்க்லி' என்று கண்டால், எந்தப் பார்க்லி என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் அடுத்த வரிக்குப் போகக் கூடாது. பழைய குடும்பத்தின் இரத்தம் கோட்டைக்காரர்களிடம் வந்தது ஆலிஸ் வழியாகத்தான். ஆண் பெயர்களை மட்டும் கோத்துக்கொண்டு போகிறவர் கண்ணில் இது படவே படாது.

நிலம் ஏமாற்றும் கதை சாமர்செட்டின் டன்ஸ்டர் கோட்டையில் இருக்கிறது. டூம்ஸ்டே காலத்திலிருந்து அது மோகன் குடும்பத்தின் சொத்து. அந்த வழியின் கடைசிப் பிரபு ஜான் டி மோகன் 1375-இல் மகன் இல்லாமல் இறந்தார். மூன்று பெண்கள் இருந்தார்கள். அவருடைய மனைவி ஜோன், மறு ஆண்டே, தன் காலத்துக்குப் பிறகு கோட்டையும் நிலமும் போய்ச்சேரும் உரிமையை எலிசபெத் லட்ரல் என்ற பெண்மணிக்கு 5,000 மார்க்குக்கு விற்றார். அன்றைய கணக்கில் அது 3,333 பவுண்டுக்கும் மேல். பணம் பெற்றதற்காகத் தோலில் எழுதிய ரசீது இன்றும் இருக்கிறது. அந்தக் காலத்தில் இவ்வளவு பெரிய சொத்தை ஒரு பெண் விற்று இன்னொரு பெண் வாங்கியதை அந்தத் தோல்துண்டு சொல்கிறது. இதற்காகவே இந்தத் தொழிலில் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். எலிசபெத் 1395-இல் இறந்துபோனார். ஜோன் 1404 வரை உயிரோடு இருந்தார். வாங்கியவருக்குக் கிடைக்காத கோட்டை அவருடைய மகன் ஹ்யூ லட்ரலுக்குக் கிடைத்தது. மோகன் பெண்களின் வாரிசுகள் வழக்குத் தொடுத்தும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. இவ்வளவும் நமக்குத் தெரிவது கிரயப் பத்திரமும் ரசீதும் வழக்குப் பதிவும் பிழைத்ததால். அவை அழிந்திருந்தால், ஹ்யூவை மோகன்களின் பேரன் என்று எழுத யாரும் தயங்கியிருக்க மாட்டார்கள்.

அப்படியென்றால் பத்திரம் உறவைச் சொல்லவே சொல்லாதா? சொல்லும், ஆனால் அதைச் சொல்லும் வாசகங்கள் சில. மகளின் திருமணத்தோடு நிலம் கொடுத்ததாக எழுதியிருந்தால் மாமனார், மருமகன், மகள் மூவரும் ஒரே வரியில் கிடைத்துவிடுவார்கள். 'என் விதவைக் கோலத்தில்' என்று ஒரு பெண் எழுதிக்கொடுத்தால் கணவர் அதற்குள் இறந்துவிட்டார். மடத்துக்குக் கொடுக்கும்போது 'என் தந்தை, தாய் ஆன்மாவுக்காக' என்று பெயரோடு எழுதியிருந்தால் அது பொன். இவை எதுவும் இல்லாமல் இரு பெயர்கள் அடுத்தடுத்து வருவதை மட்டும் வைத்து உறவு கட்ட முடியாது. 14, 15-ஆம் நூற்றாண்டுகளில் இன்னொரு பொறி உண்டு. நிலத்தை நம்பிக்கையானவர்கள் நாலைந்து பேர் பெயரில் எழுதிவைத்து, தாங்கள் விரும்பிய ஏற்பாட்டின்படி திரும்ப எழுதி வாங்குவார்கள். அந்த நாலைந்து பேரில் பாதிரியார் இருப்பார், வழக்கறிஞர் இருப்பார், பக்கத்து நிலக்காரர் இருப்பார். அவர்களை மைத்துனராகவும் சகோதரராகவும் ஆக்கிய கொடிவழிகள் ஏராளம்.

அடுத்த சிக்கல் தேதி. 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை தனியார் பத்திரங்களில் பெரும்பாலும் தேதியே இருக்காது. அங்கே சாட்சிகள் கைகொடுப்பார்கள்: அந்தச் சாட்சிகள் தேதியுள்ள வேறு ஆவணங்களில் எப்போது தென்படுகிறார்கள் என்று பார்த்துக் காலத்தை நெருக்கலாம். மடங்களின் நகலேடுகளில் எழுத்தர்கள் இடம் மிச்சப்படுத்தச் சாட்சிப் பட்டியலை வெட்டிவிடுவார்கள் என்பதால் மூலப் பத்திரம் கிடைத்தால் அதையே பாருங்கள். 1290-இல் முதலாம் எட்வர்ட் கொண்டுவந்த சட்டமும் உதவும். அதற்கு முன் நிலம் விற்றவர், வாங்கியவருக்கு மேலே நிலப்பிரபுவாகவே நீடிக்கலாம். அதன்பின் முழு உரிமையோடு விற்றால் அவர் முற்றாக விலகியாக வேண்டும். 'என்னிடமிருந்தும் என் வாரிசுகளிடமிருந்தும் பெற்று அனுபவிக்க' என்று விற்பனைப் பத்திரம் சொன்னால் அது பெரும்பாலும் 1290-க்கு முந்தையது.

தனியார் பத்திரத்தை அரசு ஏட்டோடு ஒப்பிடாமல் விடாதீர்கள். 1195 முதல் அரசர் நீதிமன்றத்தில் நில உடன்பாடு ஆனால், ஒரே தோலில் மூன்று முறை எழுதி வளைவாக அறுத்து, இரு தரப்புக்கும் ஒவ்வொன்று கொடுத்து, அடித்துண்டை நீதிமன்றம் வைத்துக்கொண்டது. அந்த அடித்துண்டுகள் லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அரசரிடம் நேரடியாக நிலம் பெற்றவர் இறந்தால் நடந்த விசாரணையின் பதிவும் அங்கே உண்டு. வாரிசு யார், என்ன உறவு, என்ன வயது என்று எழுதியிருக்கும். '21-ம் அதற்கு மேலும்' என்ற வயதை மட்டும் அப்படியே பிறந்த ஆண்டாக மாற்றிவிடாதீர்கள். உரிய வயது வந்தவர் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 1925-ஆம் ஆண்டின் சொத்துச் சட்டம், நிலம் விற்பவர் முப்பது ஆண்டு உரிமை ஆதாரம் காட்டினால் போதும் என்றது. அதோடு பழைய பத்திரங்களுக்குச் சட்ட மதிப்புப் போயிற்று. விளக்கு மூடி செய்யக்கூட அந்தத் தோல்கள் விற்கப்பட்டன. இன்றும் ஏலத்தில் ஒரு குடும்பத்தின் கட்டு பிரிக்கப்பட்டு, முத்திரை அழகாக இருக்கும் பத்திரம் மட்டும் தனியாகப் போகிறது. ஒரு பத்திரத்துக்குத் தேதி கொடுப்பதே அதன் பக்கத்தில் கிடந்த பத்திரம்தான். உங்கள் கையில் அப்படி ஒரு கட்டு வந்தால் சுத்தம் செய்யாதீர்கள், மடிப்பை அழுத்தி நீவாதீர்கள், ஒன்றைக்கூட உருவாதீர்கள். எந்த வரிசையில் இருந்ததோ அப்படியே படமெடுத்து, அந்த நிலம் இருக்கும் கவுண்டியின் (மாவட்டத்தின்) ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள்.