பீலி ஏன் இருமுகிறது?

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் எங்கள் லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள். பெருமழை பெய்த மறுநாள் காலை லயத்துப் பீலி, அதாவது பொதுத் தண்ணீர்க் குழாய், முதலில் இருமும். புஸ்ஸென்று காற்று, ஒரு கை தண்ணீர், மறுபடி காற்று. "குழாயில காத்து அடைச்சிருச்சு" என்பார்கள், குடத்தோடு நிற்கும் பெண்கள். கண்டுபிடிப்பு சரிதான்.

மேலே ஊற்றுத் தொட்டியின் வலையைச் சருகு அடைத்துவிட்டால் குழாய்க்குள் இறங்கும் தண்ணீர் குறையும்; காலியான இடத்தில் காற்று புகுந்துகொள்ளும். மேடும் பள்ளமுமாக ஓடும் குழாயில் காற்று மேட்டில் தங்கும், மண் பள்ளத்தில் படியும். அதனால்தான் மேட்டில் காற்றுப்போக்கி வால்வும், பள்ளத்தில் மண்ணைத் திறந்துவிட ஒரு வால்வும் வைப்பார்கள். வைக்க வேண்டும் என்பதே சரி. பல தோட்டங்களில் இரண்டும் கிடையாது.

மலையகத்தில் தண்ணீருக்கு மோட்டார் அவசியமில்லை, உயரமே மோட்டார். 10 மீட்டர் இறக்கம் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும். ஊற்று லயத்துக்கு 120 மீட்டர் மேலே இருந்தால், இரவில் எல்லாரும் குழாயை அடைத்ததும் கீழ்முனையில் 12 பார் நிற்கும். கடையில் வாங்கும் பி.வி.சி. குழாயில் 1000 என்று எழுதியிருப்பது அது தாங்கும் அழுத்தம், கிலோபாஸ்கல் கணக்கில்; அதாவது 10 பார். நடுச்சாமத்தில் குழாய் வெடிப்பதற்கு இதுவே காரணம், பேயல்ல. பாதி வழியில் ஒரு திறந்த தொட்டி கட்டினால் போதும். தண்ணீர் அதில் விழுந்ததும் அழுத்தம் பூச்சியமாகி, அங்கிருந்து புதுக்கணக்கு.

அதே சரிவுதான் அழுக்கையும் இறக்குகிறது. கக்கூஸ் என்ற சொல்லையே ஒல்லாந்தரிடமிருந்து வாங்கியிருக்கிறோம். ஆனால் கக்கூஸ் லயத்துக்கு வர நெடுங்காலம் ஆனது. கொக்கிப்புழுவின் குஞ்சு ஈரமண்ணில் காத்திருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறும், பிறகு குடலில் தங்கி இரத்தம் குடிக்கும். தேயிலைக்காட்டு நிழலும் ஈரமும் அதற்கு நல்ல வீடு. 1916இல் ராக்ஃபெல்லர் நிறுவனத்தின் உதவியோடு மாத்தளைத் தோட்டங்களில் இதற்கெதிரான இயக்கம் தொடங்கியது. மருந்து புழுவைக் கொன்றது. கழிப்பிடம் இல்லாத இடத்தில் அதே மண் மறுபடி புழுவைக் கொடுத்தது.

தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 1975இல் வந்தது. நகரங்களுக்கு அது குழாய் இழுத்தது. 1993இல் உலக வங்கி உதவியோடு பதுளை உள்ளிட்ட மாவட்டங்களில் கிராமத்தார் தாங்களே கட்டி நடத்தும் திட்டங்கள் தொடங்கின. தோட்டத்து லயங்கள் பெரும்பாலும் இரண்டுக்கும் வெளியே, நிர்வாகத்தின் கையில் கிடந்தன.

எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் மேல்கணக்கு (தோட்டத்தின் மேல் பிரிவு) லயத்துக்குக் குழிக் கக்கூஸ் வெட்டிக்கொடுத்தார்கள். நல்ல காரியம். குழிக்கு நேர் கீழே கீழ்கணக்கின் ஊற்று! குழியிலிருந்து கசியும் கிருமியை மண் ஓரளவு வடிகட்டும். பாறை வெடிப்பில் இறங்கினால் வடிகட்ட எதுவுமில்லை. குளோரின் போட்டால் ஆகாதா? ஆகும், தண்ணீர் தெளிவாக இருந்து, அரைமணி நேரம் தொட்டியில் நின்றால். கலங்கிய தண்ணீரில் குளோரினைச் சேறே தின்றுவிடும். மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கு கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பீலி இருமும் நாளில் ஒருவர் மண்வெட்டியோடு மேலே ஏறுவார். சருகை அள்ளி, பள்ளத்து வால்வைத் திறந்து, செந்நிறம் மாறும்வரை விடுவார். கீழே முதல் இரண்டு குடத்தை யாரும் குடிக்க எடுப்பதில்லை. அது இஸ்தோப்பு, அதாவது வீட்டு முன்திண்ணை, கழுவ.