மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்காதீர்கள்: பெருநாடி வீக்கமும் உடற்பயிற்சியும்

"சேர், இனி ஜிம்முக்குப் போகேலாதோ?"

பெருநாடி வீக்கம் பெரும்பாலும் தற்செயலாகத்தான் தெரியவருகிறது. வேறு எதற்கோ ஸ்கான் எடுத்திருப்பார்கள். ரிப்போர்ட்டில் 'அனியூரிசம்' என்று எழுதி, பக்கத்தில் ஓர் அளவும் போட்டிருக்கும். ஆளுக்கு நோ இராது, இளைப்பும் இராது. அதன்பிறகு இயன்மருத்துவரான என்னிடம் வருகிறவர்களில் சிலர் கட்டிலை விட்டு எழும்பவே பயப்படுவார்கள். இன்னும் சிலர் "எனக்கு ஒண்டும் செய்யேல்லையே" என்று பழையபடி பாரம் தூக்கிக்கொண்டிருப்பார்கள். எனக்குக் கூடுதல் கவலை தருகிறவர்கள் இவர்கள்தான். ஆனாலும் படுத்துக் கிடப்பதால் வீக்கம் குறையாது. உடம்பு எடை கூடும், பிரசரும் கூடும். பெருநாடிக்குப் பொல்லாதது அந்தப் பிரசர்தான்.

பெருநாடி இதயத்தில் தொடங்கி நெஞ்சு வழியாக வயிற்றுக்குள் இறங்கும். வயிற்றுப் பகுதியில் அதன் அகலம் வழமையாக 2 செ.மீ. அளவில் இருக்கும், 3 செ.மீ. ஆனால் வீக்கம் என்பார்கள். பொதுவாக 5.5 செ.மீ. அளவில் சத்திரசிகிச்சை பற்றிப் பேச்சு வரும். பெண்களுக்கும், மார்பன் போன்ற பரம்பரை நோய் உள்ளவர்களுக்கும் அதற்கு முன்னரே வரலாம். குழாய் அகல அகல, அதே பிரசர்கூட அதன் சுவரைக் கூடுதலாக இழுக்கும். 3.2 உள்ளவருக்கும் 4.9 உள்ளவருக்கும் ஒரே பயிற்சியை நான் சொல்லாததற்குக் காரணம் இதுதான்.

பாரம் தூக்கும்போது பிரசர் எவ்வளவு ஏறும் என்று 1985இல் கனடாவில் அளந்து பார்த்தார்கள். நாடிக்குள்ளேயே குழாய் செலுத்தி, உடற்கட்டுப் பயிற்சியில் ஊறிய ஐந்து பேரைக் கனமான பாரத்தைக் கால்களால் தள்ளச் செய்தார்கள். சராசரியாக 320/250 வந்தது. ஒருவருக்கு 480/350ஐயும் தாண்டியது. கிளினிக்கில் 150 என்றாலே முகம் சுழிக்கிறோம்! இந்த ஏற்றத்தில் பெரும்பங்கு மூச்சை அடக்கி முக்குவதால் வருவது. நல்ல பெருநாடி அதைத் தாங்கிவிடும். வீங்கிய பெருநாடியின் சுவர் கிழியக்கூடும்.

ஜிம்மை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 50 கிலோ சீமெந்து மூட்டையைத் தோளில் ஏற்றுவதும், காஸ் சிலிண்டரை ஒரே மூச்சில் தூக்கிப் படியேறுவதும் அதே முக்கல்தான். சித்திரைப் புதுவருட விளையாட்டில் கயிறிழுப்பது, திருவிழாவில் சாமி காவுவது, தேர்வடம் பிடிப்பது எல்லாம் இதில் அடக்கம். "கோயில் காரியம், ஒண்டும் செய்யாது" என்பார்கள். கும்பிடுங்கள், வடத்தைப் பிள்ளைகள் பிடிக்கட்டும். பிராணாயாமம் செய்கிறவர்கள் மூச்சை உள்ளே நிறுத்தும் கும்பகத்தை விட்டுவிடுங்கள். மலச்சிக்கலுக்கும் மருந்து கேளுங்கள். வெட்கப்பட்டு மறைக்கிறார்கள், ஆனால் தினமும் முக்குகிற இடம் அதுதான்.

இனிச் செய்யக்கூடியவை. நடை எல்லாவற்றிலும் நல்லது: கிழமையில் நாலைந்து நாள், அரைமணி நேரம், பக்கத்தில் வருகிறவரோடு கதைக்கக்கூடிய வேகத்தில். யாழ்ப்பாணம் மேடு பள்ளம் இல்லாத ஊர் என்பதால் சைக்கிளும் நமக்கு வசதி. பண்ணைப் பாலத்தில் சோளகக் காற்றுக்கு எதிரே எழும்பி நின்று மிதிப்பது வேறு கதை. அன்றைக்கு இறங்கி உருட்டுங்கள். பிரசருக்குக் கொடுக்கும் பீற்றா புளொக்கர் குளிசை எடுப்பவர்கள் கைக்கடிகாரம் காட்டும் நாடித்துடிப்பை நம்பி வேகம் கூட்ட வேண்டாம். அந்தக் குளிசை துடிப்பை ஏறவிடாது.

பாரமே தூக்கக்கூடாதா? உங்கள் ஸ்கானைப் பார்த்த வைத்தியர் சம்மதித்தால் தூக்கலாம். இத்தனை கிலோவரை எல்லாருக்கும் பாதுகாப்பு என்று ஒரு கணக்கு இல்லை. நான் பார்ப்பது இது: பதினைந்து தடவை தூக்கிய பிறகும் இன்னும் நாலைந்து தடவை தூக்கலாம் போலிருந்தால் அந்தப் பாரம் சரி. முகம் சிவந்து பல்லைக் கடிக்க வேண்டி வந்தால், ஒரு கிலோ என்றாலும் கூடத்தான். தூக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும். அது பழகாதவர்களை ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணச் சொல்வேன். வாய் எண்ணிக்கொண்டிருந்தால் மூச்சை அடக்க முடியாது. பிளாங்க், சுவரில் சாய்ந்து நாற்காலி போல் இருப்பது போன்ற, அசையாமல் இறுக்கிப் பிடிக்கும் பயிற்சிகள் வேண்டாம். பயிற்சிக்கு முன் பிரசர் பாருங்கள். 140/90க்கு மேல் என்றால் அன்று பாரத்தைத் தொடாமல், குளிசை ஒழுங்காக எடுக்கிறீர்களா என்று பாருங்கள்.

சிகரெட், பீடி பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை: விட வேண்டும். பலருக்குத் தெரியாதது இன்னொன்று. சிப்ரோஃப்ளொக்சசின் வகை அன்ரிபயோற்றிக் குளிசைகளை, வேறு வழி இருந்தால் பெருநாடி வீக்கம் உள்ளவர்களுக்குக் கொடுக்க வேண்டாம் என்று 2018இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்தது. காய்ச்சலுக்கோ சலக்கடுப்புக்கோ மருந்து எடுக்கப் போனால் வீக்கம் இருப்பதைச் சொல்லுங்கள். நெஞ்சுப் பகுதியில் வீக்கம் என்றால் கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும் ஒருமுறை ஸ்கான் செய்துகொள்வது நல்லது.

நெஞ்சிலோ, முதுகில் இரு தோள்பட்டைகளுக்கு நடுவிலோ, வயிற்றிலோ, நாரியிலோ கிழிப்பது போலத் திடீர் நோ வந்தால், தலைசுற்றி விழப் பார்த்தால், பயிற்சியை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். நாரிப்பிடிப்பு என்று எண்ணெய் போட்டு உருவிக்கொண்டிருக்க வேண்டாம்; மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகவும் வேண்டாம். 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் வரும். வருகிறவர்களிடம் முதல் வார்த்தையாக 'அனியூரிசம் இருக்கு' என்று சொல்லி, கடைசி ஸ்கான் ரிப்போர்ட்டைக் கையில் கொடுங்கள்.