ஸ்தாதியைக் காதமாக்காதீர்கள்

பண்டைய கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனீஸ் கணக்கிட்ட பூமியின் சுற்றளவு 2,52,000 காதம் என்று எழுதும் பழக்கம் ஒழிந்தபாடில்லை. பழைய அளவை என்றாலே காதம் போட்டால் மணக்கும் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள் போல. காதம் ஊருக்கு ஊர் மாறினாலும் பல மைல் நீளமுள்ளது. அகராதி ஏறக்குறைய 10 மைல் என்கிறது. அப்படியானால் சுற்றளவு 25 லட்சம் மைல். பூமி கிட்டத்தட்ட சூரியன் அளவுக்கு வீங்கிவிடும்.

மூலத்தில் இருப்பது ஸ்தாதியோன் என்னும் கிரேக்க நீள அளவு, பன்மை ஸ்தாதியா, தமிழில் ஸ்தாதி. 600 கிரேக்க அடி. கிரேக்கத்தின் ஆர்கோஸ் வட்டாரத்தில் ஸ்பாதியோன் என்றும் வழங்கியது. அதை ‘இழு’ என்னும் வினையோடு சேர்த்துச் சொல்வார்கள். நீளத்தின் பெயர் அந்த நீளத்துக்கு ஓடும் பந்தயத்துக்கும், பிறகு ஓடும் களத்துக்கும் ஆகி, லத்தீன் வழியாக இன்றைய ஸ்டேடியம் ஆயிற்று. ஆகவே ‘இத்தனை விளையாட்டரங்கம்’ என்று பெயர்ப்பதும் தவறு. பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பதுதான் வழக்கம். இவர்கள் தாத்தாவுக்குப் பேரன் பெயரை வைக்கிறார்கள்.

பர்லாங்கு என்பவர்கள் சற்று விவரம் தெரிந்தவர்கள். ஆங்கில பைபிளின் பழைய பெயர்ப்பு அப்படித்தான் செய்தது. ஆனால் பர்லாங்கு என்பது 201 மீட்டர் என்று அறுதியிட்ட அளவு. ஸ்தாதியோ யாருடைய அடி என்பதைப் பொறுத்தது: ஒலிம்பியாவின் ஓடுகளம் 192 மீட்டர், டெல்பியில் 177 சொச்சம், ஏதென்ஸ் வட்டாரத்தின் ஆட்டிக் அளவு 185. எகிப்திய அளவை வைத்து 157.5 என்பாரும் உண்டு. 2,52,000ஐ 157.5 ஆல் பெருக்கினால் 39,690 கி.மீ., உண்மைக்கு மிக அருகில். 185 என்றால் 46,620. பர்லாங்கு என்றால் 50,000க்கும் மேல். மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லை மாற்றியதற்கு எரட்டோஸ்தனீஸ் ஏன் பழி சுமக்க வேண்டும்?

வானத்துக்குப் போனால் சிக்கல் முற்றுகிறது. சூரியன் எவ்வளவு தூரம் என்று எரட்டோஸ்தனீஸ் சொன்னதாக பிற்காலக் கிறித்தவ வரலாற்றாசிரியர் யூசிபியஸ் எடுத்தெழுதிய வரியில் எண் மிரியட் கணக்கில் இருக்கிறது. மிரியட் என்றால் பத்தாயிரம். (இதை ‘எண்ணற்ற’ என்று பெயர்ப்பவர்களும் இருக்கிறார்கள்!) நானூறு மிரியடும் எண்பதாயிரமும் என்று பிரித்தால் 40.8 லட்சம் ஸ்தாதி, அதாவது 185 மீட்டர் கணக்கில் 7.55 லட்சம் கி.மீ. நானூறும் எண்பதாயிரமும் சேர்ந்த 80,400 மிரியட் என்று படித்தால் 80.4 கோடி ஸ்தாதி, 14.87 கோடி கி.மீ. இன்றைய அளவு 14.96 கோடி. இரண்டு எண்களும் மிரியடோடு வேற்றுமையில் ஒத்துப்போவதால் இரண்டாம் வாசிப்புக்கு இலக்கண ஆதரவு உண்டு. அதற்காக உடனே கைதட்ட வேண்டாம். அதே பகுதி நிலவுக்குத் தருவது 7.8 லட்சம் ஸ்தாதி, 1.44 லட்சம் கி.மீ.தான், உண்மையில் 3.84 லட்சம். சூரியனுக்கும் 157.5ஐப் போட்டால் 12.66 கோடிக்கு இறங்கிவிடும். பூமிக்கு ஒரு ஸ்தாதி, சூரியனுக்கு வேறொரு ஸ்தாதி என்று விடைக்கு ஏற்றபடி கோலை மாற்றுவதுதான் இந்தக் கணக்கில் நடக்கும் பெரிய திருட்டுத்தனம்.

தமிழில் இதற்குச் சொல் ஏற்கெனவே இருக்கிறது. தமிழ் பைபிளின் வெளிப்படுத்தின விசேஷத்தில் (21:16) ‘பன்னீராயிரம் ஸ்தாதி’ என்றே வருகிறது. அதே பைபிளின் சுவிசேஷங்களில் இதே அளவை மைலாக்கிவிட்டார்கள் என்பது வேறு விஷயம். கிரந்தம் வேண்டாம் என்பவர்கள் ஸ் எழுத்தை வெட்டினால் தாதி ஆகும், செவிலியர் கோபித்துக்கொள்வார். இசுதாதி என்று எழுதட்டும், எனக்கு வழக்கில்லை. ‘ஓட்டநீளம்’ போன்ற புத்தாக்கம் மட்டும் வேண்டாம், 80.4 கோடி ஓட்டநீளம் என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

‘ஸ்டேடியாக்கள்’ என்ற இரட்டைப் பன்மையும் தேவையில்லை. பத்து முழம், பத்து மைல் என்கிறோம். பத்து ஸ்தாதி போதும். மூல எண்ணை அப்படியே வைத்து, எந்த ஸ்தாதி என்பதையும் அடைப்புக்குறிக்குள் சொல்லிவிட வேண்டும்: 80.4 கோடி ஸ்தாதி (1 ஸ்தாதி 185 மீ. எனக் கொண்டால் சுமார் 15 கோடி கி.மீ.). 14,87,40,000 என்று கடைசி இலக்கம் வரை எழுதுவது, அளந்தவனிடம் இல்லாத துல்லியத்தை அவன் தலையில் கட்டுவது.