சதுப்புப் பலகைப்பாதைக்கு எதிரி புதைவது அல்ல, எழும்புவது

நியூயார்க் நகருக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில், வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரிக்கு எதிர்க்கரையில் இருக்கிறது கான்ஸ்டிட்யூஷன் சதுப்பு நிலம். ஹட்சன் ஆற்றில் கடலோதம் இதையும் தாண்டி ட்ராய் அணை வரை உள்ளே போகிறது. அதனால் இங்கே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் ஏறி இறங்கும். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. சம்புப் புல் அடர்ந்த இந்தச் சேற்றின் மேல் மக்கள் நடக்கப் பலகைப்பாதை போட்டிருக்கிறார்கள்.

மண்ணைக் கொட்டிப் பாதை போட்டால் செலவு மிச்சம்தானே என்று தோன்றும். ஆனால் அந்த மேடு அணை போல ஓதத்தை மறித்துவிடும். மறுபக்கத்தில் உப்பு குறைந்து, நாணல் வந்து மற்ற செடிகளை அமுக்கும். வெறும் ஒற்றையடிப் பாதையாக விட்டாலும் கால் பட்ட இடம் அமுங்கி வாய்க்காலாகிவிடும். ஆகவே பைல், அதாவது சேற்றுக்குள் இறக்கும் நீளமான தூண், அடித்து அதன்மேல் பலகை போட்டு நடப்பதுதான் வழி.

இந்த மாதிரிச் சேற்றில் பைலின் நுனி கெட்டித்தரையைத் தொடுவது அபூர்வம். பக்கவாட்டில் சேறு பிடிக்கும் பிடிதான் அதைத் தாங்குகிறது. ஓர் உதாரணக் கணக்கு: பாதை 1.5 மீட்டர் அகலம், பைல் வரிசைகளுக்கு இடையே 2.5 மீட்டர். கூட்டம் நெருக்கி நின்றால் சதுர மீட்டருக்கு 440 கிலோ என்று வைப்பது வழக்கம். பலகை எடையும் சேர்த்து ஒரு வரிசைக்குச் சுமார் 2 டன், இரண்டு பைல் என்றால் தலைக்கு 1 டன். மென்சேறு பைலின் பக்கப்பரப்பில் சதுர மீட்டருக்கு 1 டன் பிடிக்கும் என்று கொண்டால், 20 செ.மீ. விட்டமுள்ள பைலுக்கு ஒவ்வொரு மீட்டர் ஆழத்திலும் 630 கிலோ கிடைக்கும். இருமடங்கு பாதுகாப்பு வேண்டும், அதாவது 2 டன் பிடி. மேலே உள்ள கூழ்ச்சேறு ஒரு மீட்டரைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. நாலேகால் மீட்டராவது இறங்க வேண்டும். அடித்த அன்றே சோதித்தால் பிடி குறைவாகத்தான் தெரியும். கலங்கிய சேற்றிலிருந்து நீரழுத்தம் வடிந்து இறுக நாட்கள், சில இடங்களில் வாரங்கள் ஆகும்.

இவ்வளவு கணக்குப் போட்டும் பாதை கெடுவது பெரும்பாலும் வேறு வகையில். குளிர்காலத்தில் பைலைச் சுற்றித் தண்ணீர் உறைந்து பனிக்கட்டி ஒட்டிக்கொள்ளும். ஓதம் ஏறும்போது பனித்தகடு மிதந்து பைலையும் மேலே இழுக்கும். பாதையின் எடையோ மிகக் குறைவு. ஆட்கள் இல்லாத நாளில் பைலைக் கீழே அழுத்த ஒன்றுமே இல்லை. சில மில்லிமீட்டர் எழும்பியதும் அடியில் உண்டான இடைவெளியில் சேறு வந்து நிறைந்துவிடும். ஓதம் இறங்கினாலும் பைல் பழைய இடத்துக்குத் திரும்பாது. ஒரு குளிர்காலத்தில் இது பலமுறை நடக்கும். உறையும் மட்டத்தில் வழவழப்பான பிளாஸ்டிக் உறை மாட்டினால் பனி வழுக்கும். அடியில் திருகுத்தகடு உள்ள எஃகு பைல் மேல்நோக்கிய இழுப்பைத் தாங்கும்.

புயல் வெள்ளத்திலும் இதே திசைதான். மரம் மிதக்கும்; ஆணி மட்டும் அடித்த தளம் பெயர்ந்துவிடும். 2012 அக்டோபரில் சாண்டி புயல் கடல்நீரை ஹட்சனுக்குள் தள்ளியது போன்ற நாட்களுக்காகவே தளத்தைப் பைலோடு போல்ட்டும் பட்டையும் போட்டு இறுக்குகிறார்கள். உவர்நீரில் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழிக்குழியாக அரிக்கும், 316 வாங்குவது நல்லது. சேற்றுக்குள் ஆழத்தில் ஆக்சிஜன் இல்லாததால் அங்கே மரம் உளுத்துப்போவது மிக மெதுவாகத்தான். காற்றும் நீரும் மாறி மாறிப் படும் பகுதியில்தான் கத்தியால் குத்திப் பார்க்க வேண்டும்.

வெளிச்சமும் முக்கியம். தாழ்வான அகலப் பாதைக்கு அடியில் புல் செத்து, வேர் பிடித்திருந்த சேறு கரைந்துபோகும். உயரம் குறைந்தது அகலத்தின் அளவாவது இருக்கட்டும். பலகைகளுக்கு இடையே 12 மி.மீ. விடலாம், அதற்கு மேல் விட்டால் ஊன்றுகோல் நுனி சிக்கும்.

பனி உருகியதும், மார்ச் வாக்கில், மட்டக்குழாய் பிடித்து ஒவ்வொரு பைல் தலையையும் பார்ப்பார்கள். துருத்திக்கொண்டிருப்பதை அறுத்து மட்டமாக்குவது சுலபமான வேலை, ஆனால் தப்பான வேலை. அறுத்த அளவுக்குச் சேற்றுக்குள் இருந்த பிடி ஏற்கெனவே போய்விட்டது; அந்தப் பைல் அடுத்த குளிரில் இன்னும் சுலபமாக எழும்பும். அதைத் திரும்ப அடித்து இறக்க வேண்டும், இல்லையென்றால் பக்கத்தில் புதிது போட வேண்டும்.