சீஷன், சீடன், மாணாக்கன்

'சீஷத்துவ முகாம்' என்று ஆலயத்துச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தால், கல்லூரிப் பிள்ளைகளுக்கு மூன்று நாள் வகுப்பு என்று நாம் புரிந்துகொள்கிறோம். முகாம் முடிந்தால் சீஷத்துவமும் முடிந்தது. அந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

புராட்டஸ்டண்ட் சபைகளில் வாசிக்கும் பழைய தமிழ் பைபிளில் 'சீஷர்' என்று இருக்கும். கத்தோலிக்க ஆலயங்களில் வாசிக்கப்படும் 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பில் 'சீடர்'. இரண்டும் ஒரே சொல்தான். வடமொழி ஷகரம் சொல்லின் நடுவில் வந்தால் தமிழில் டகரமாகும். வேஷம் வேடமானதும் பாஷை பாடையானதும் அப்படித்தான், சீஷனும் சீடனானான். ஆகவே 'சீடர் கத்தோலிக்கச் சொல், சீஷர் நம்முடைய சொல்' என்று சண்டை போடுகிறவர்கள் ஓர் எழுத்துக்காகச் சண்டை போடுகிறார்கள்.

மூலம் வடமொழியின் 'சிஷ்ய'. கற்பித்தல், கட்டளையிடுதல், ஆளுதல் ஆகிய பொருள்களைத் தரும் 'சாஸ்' என்ற வேரிலிருந்து வந்தது. சாஸ்திரம், சாசனம் எல்லாம் இதன் உறவினர்கள். சிஷ்யன் என்றால் கற்பிக்கப்பட வேண்டியவன், சொன்னபடி நடத்தப்பட வேண்டியவன். கற்பிக்கிறவரின் கை ஓங்கியிருக்கும் சொல் இது.

புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் வேறு பக்கம் சாய்கிறது. 'மதேதேஸ்' என்பது 'மந்தானோ', அதாவது 'கற்றுக்கொள்' என்ற வினையடியாகப் பிறந்தது. கற்கிறவன், பழகுகிறவன் என்று பொருள். (பள்ளிக்கூடத்தில் நம்மைப் படுத்திய மேத்ஸும் இந்தக் குடும்பம்தான்.) எபிரேயத்தின் 'தல்மீத்', லத்தீனின் 'திஸ்கிபுலுஸ்' இரண்டுக்கும் இதேபோல் கற்றல்தான் வேர். அப்படிப் பார்த்தால் நேர்த் தமிழ் 'மாணாக்கன்'. ஆனால் இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் பெஞ்சும் கரும்பலகையும் தேர்வும்தான் நினைவுக்கு வருகின்றன. மொழிபெயர்த்தவர்கள் அதை எடுக்காமல் விட்டதில் எனக்கு வருத்தமில்லை.

'மதேதேஸ்' புதிய ஏற்பாட்டில் ஏறக்குறைய 260 இடங்களில் வருகிறது. அத்தனையும் நான்கு சுவிசேஷங்களிலும் அப்போஸ்தலர் நடபடிகளிலும்தான். நிருபங்களில், அதாவது கடிதங்களில், ஒன்றுகூட இல்லை. அங்கே சகோதரர், பரிசுத்தவான்கள் என்றாகிவிடுகிறது. சீடர் என்பது பன்னிரண்டு பேருக்கு மட்டும் கொடுத்த பட்டமும் அல்ல. அந்தப் பன்னிருவருக்கு 'அப்போஸ்தலர்' அல்லது 'திருத்தூதர்' என்ற தனிப்பெயர் உண்டு. யோப்பா பட்டணத்தில் தபீத்தாள் என்று ஒரு பெண் இருந்தாள். அவளைப் பழைய மொழிபெயர்ப்பு 'சீஷி' என்கிறது. கிரேக்கத்தில் இந்தப் பெண்பால் வடிவம் புதிய ஏற்பாடு முழுவதிலும் அவள் ஒருத்திக்குத்தான் வந்திருக்கிறது. அவள் பிரசங்கித்ததாக ஒரு வரியும் இல்லை. விதவைகளுக்கு அங்கியும் வஸ்திரமும் தைத்துக் கொடுத்தாள். அவள் செத்தபோது அந்த விதவைகள் பேதுருவிடம் அந்தத் துணிகளைக் காட்டி அழுதார்கள். (டகரம் போட்டு இதற்குப் பெண்பால் அமைக்கப்போனால் 'சீடை' என்று கோகுலாஷ்டமிப் பலகாரத்தில் போய் நிற்போம். 'பெண் சீடர்' என்று எழுதுவதே நல்லது.)

அடுத்தது 'அழைப்பு'. குருவைத் தேடிச் சிஷ்யன் போவது நம் ஊர் வழக்கம். யூத ஆசிரியர்களான ரபீமாரிடமும் பொதுவாக மாணவரே தேடிப்போனார்கள். சுவிசேஷத்தில் இது தலைகீழ். இயேசுவே கடற்கரைக்குப் போய், வலை வீசிக்கொண்டிருந்த சீமோனையும் அந்திரேயாவையும் கூப்பிடுகிறார். ஆயத்துறையில், இன்றைய பேச்சில் சுங்கச்சாவடியில், உட்கார்ந்திருந்த மத்தேயுவிடம் "எனக்குப் பின்சென்று வா" என்கிறார். அழைப்பு வந்த இடமெல்லாம் வேலை நடந்துகொண்டிருந்த இடம்.

இதை வைத்துத்தான் 'அழைப்பு' என்றால் வேலையை விட்டுவிட்டு வருவது, முழுநேர ஊழியம், என்று சபைகளில் பொருள் குறுகிவிட்டது. "அவனுக்கு அழைப்பு இருக்கிறது" என்றால் பையன் வேதாகமக் கல்லூரிக்குப் போகிறான் என்று அர்த்தம். கத்தோலிக்கரிடம் 'இறையழைத்தல்' என்றால் உடனே குருமடமும் கன்னியர் மடமும்தான். ஆனால் பேய் பிடித்துக் கல்லறைகளில் குடியிருந்து குணமான மனுஷன் கூடவே வருகிறேன் என்று கெஞ்சியபோது, இயேசு அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. உன் வீட்டுக்கு, உன் இனத்தாரிடம் போ என்றார். மாற்கு 5இல் இருக்கிறது. வரி வசூலித்த சகேயுவையும் எரிகோ ஊரை விட்டுக் கிளம்பச் சொல்லவில்லை. அவன் வீட்டில் இருந்தபடியே ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்றான். சிலுவையை எடுத்துக்கொண்டு வரச் சொல்லும் வசனம் மூன்று சுவிசேஷங்களில் ஒன்றுபோல வருகிறது. லூக்கா மட்டும் 'அநுதினமும்' என்று ஒரு சொல்லைச் சேர்க்கிறார். அந்த ஒரு சொல் வந்ததும் பேச்சு திங்கட்கிழமைக்கு இறங்கிவிடுகிறது.

ஜெர்மன் மொழியில் 'பெரூஃப்' என்றால் இன்று தொழில், உத்தியோகம். அதன் உள்ளே இருப்பது 'கூப்பிடு' என்ற வினை. துறவிகளின் அழைப்புக்கு மட்டும் இருந்த மதிப்பைச் செருப்புத் தைப்பவனின் வேலைக்கும் பால் கறப்பவளின் வேலைக்கும் கொடுத்தவர் 16ஆம் நூற்றாண்டுச் சபைச் சீர்திருத்தக்காரர் லூத்தர். 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு அந்தச் சபை மரபுக்காரர்தான். ஆனால் தமிழில் 'அழைப்பு' தொழிலோடு ஒட்டவில்லை.

'சீஷத்துவம்' என்பதற்குச் சரியான தமிழ் என்ன? அடியார், தொண்டர் இரண்டையும் சிலர் சொல்வார்கள். தொண்டரைக் கட்சிக்காரர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அடியார் நல்ல சொல். ஆனால் நாயன்மார் வாசனை விடாது. நான் நன்னூலுக்குப் போவேன். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி என்ற சமண முனிவர் செய்த இலக்கணம் அது. அதில் மாணாக்கன் ஆசிரியரிடம் நடந்துகொள்ள வேண்டிய முறை இப்படி வருகிறது: "அழலின் நீங்கான் அணுகான் அஞ்சி, நிழலின் நீங்கான் நிறைந்த நெஞ்சமொடு". குளிர்காய்கிறவன் நெருப்பை விட்டு விலகுவதுமில்லை, மேலே போய் விழுவதுமில்லை. அதுபோல இருந்து, நிழல்போல் பிரியாமல் கூடவே போக வேண்டும். இந்த நடத்தைக்கு அவர் கொடுக்கும் பெயர் 'வழிபாடு'.

நாம் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வைத்திருக்கும் அதே வழிபாடு! வழிப்படுதல், ஒருவர் போன வழியில் போதல் என்ற பொருள் அதற்குள் இருக்கிறது. முதல் கிறிஸ்தவர்களைக் குறிக்கவும் நடபடிகள் நூல் 'வழி' என்றுதான் சொல்கிறது. பழைய தமிழ் பைபிள் அதை 'மார்க்கம்' என்று வைத்தது.

சொல் சீடர் என்றே இருக்கட்டும். 'சீஷத்துவம்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'பின்செல்லுதல்' அல்லது 'அடியொற்றுதல்' என்று எழுதிப் பார்க்கலாம். அடிச்சுவடுகளைத் தொடர்ந்துவரும்படி அழைக்கப்பட்டீர்கள் என்று பேதுருவின் முதல் நிருபத்தில் ஒரு வரி உண்டு. அழைப்பும் அடியும் சேர்ந்து வரும் இடம் அது. ஊழியருக்கோ மூப்பருக்கோ சொன்னது என்று நினைத்து அந்த இரண்டாம் அதிகாரத்தைப் பிரித்தால், மூன்று வசனம் முன்னாலேயே 'வேலைக்காரரே' என்று கூப்பிட்டிருப்பார்.